குழந்தை செய்வதற்கு என்ன மிச்சம்? ஒரு பொம்மை நிறுவனத்துக்கு டிசைன் செய்த அனுபவம்

பொம்மை நிறுவனத்துக்கு வேலை என்றால் கிளையன்ட் முதலில் சொல்வது 'கலர்ஃபுல்லா இருக்கணும்'. அடுத்து 'ஜாலியா இருக்கணும்'. மூன்றாவதாக, பல் தெரியச் சிரிக்கிற ஒரு மாஸ்காட், அதாவது பிராண்டின் அடையாளக் கதாபாத்திரம். மூன்றையும் அப்படியே செய்து கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கடை ரேக்கில் அதே மாதிரி நிற்கும் மற்ற பெட்டிகளோடு அதுவும் கலந்துவிடும், அவ்வளவுதான்.

மரக்கட்டை பொம்மைகள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்கு லோகோ முதல் பெட்டி வரை செய்து கொடுத்த அனுபவம் இது. நிறுவனத்தை நடத்துபவர் முன்பு பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நான் கொண்டுபோன மூட்போர்டை (மாதிரிப் படங்களும் வண்ணங்களும் ஒட்டிய பலகை) நிதானமாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் அழகா இருக்கு. ஆனா இதுல குழந்தை செய்யறதுக்கு என்ன மிச்சம் வெச்சிருக்கீங்க?" என்றார். டிசைனைப் பற்றி கிளையன்ட்டிடமிருந்து இவ்வளவு கூர்மையான கேள்வி அடிக்கடி வராது. லோகோ, வண்ணம், பெட்டி, வாசகம் என்று எந்த இடத்தில் சிக்கினாலும் அந்தக் கேள்வியைக் கேட்டே முடிவெடுத்தோம்.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த வேலைகளும் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவைதான். அமெரிக்க டிசைனர் தம்பதி சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1952-ல் கொண்டுவந்த 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 54 சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஆறு வெட்டுகள். ஒரு வெட்டில் இன்னொரு சீட்டைச் செருகிச் செருகி கோபுரம் கட்டலாம். படங்கள் அருமையானவைதான், ஆனால் கையைப் பிடித்து இழுப்பது அந்த ஆறு வெட்டுகள். 'கலர்ஃபார்ம்ஸ்' நிறுவனத்துக்கு அமெரிக்க கிராஃபிக் டிசைனர் பால் ராண்ட் 1959-ல் செய்த லோகோவிலும் இதே புத்தி உண்டு. நிறுவனம் விற்பதே எடுத்து எடுத்து ஒட்டி விளையாடும் எளிய வடிவங்களை. லோகோவும் அதே வடிவங்களால் ஆனது. பொருள் ஒரு பக்கம், பிராண்ட் ஒரு பக்கம் என்று இழுக்கவில்லை.

வரைய உட்காரும் முன் ரேக்கைப் பார்க்க வேண்டும். பொம்மைகள் அடுக்கிய ரேக்கைப் படம் எடுத்து, கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அடிக்கிற சிவப்பு, அடிக்கிற நீலம், அடிக்கிற பச்சை எல்லாம் ஏறக்குறைய ஒரே சாம்பலாகக் கரைந்துவிடும். வெறும் வெள்ளையோ வெறும் அட்டை நிறமோ அதிகமாக விட்டிருக்கும் பெட்டி மட்டும் தனியே தெரியும். எங்களுக்கு வெற்றிடம் வேண்டும் என்று அந்தப் படமே சொல்லிவிட்டது. நான் பேசியிருந்தால் ரசனைச் சண்டையாகப் போயிருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது வெளியே தெரிவது பக்கவாட்டு முகம்தான். நாம் உயிரைக் கொடுத்துச் செய்யும் மேல்பக்கம் மறைந்துபோகும். குழந்தையின் கண் மட்டம் கீழ்த் தட்டுகளில் இருக்கிறது; அதன் கண்ணில் படுவதும் அந்தப் பக்கவாட்டுதான். அதனால் பக்கவாட்டை முதலில் டிசைன் செய்து, மேல்பக்கத்தைக் கடைசிக்குத் தள்ளினேன். போனில் வாங்குபவர்களுக்காக, பெட்டிப் படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, என்ன பொம்மை என்று புரிகிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். வாங்குகிற பெரியவருக்கு வேண்டிய தகவல் நாலுதான்: எந்த வயதுக்கு, உள்ளே என்ன, எவ்வளவு பெரியது, பாதுகாப்பானதா. அவை தேடாமல் கிடைத்தால் மீதி இடம் முழுக்கக் குழந்தைக்கு.

லோகோவுக்கு வெளியே எங்கேயும் தேடவில்லை. அவர்களுடைய கட்டைகளில் இருப்பது நாலு வடிவம்: வட்டம், அரைவட்டம், சதுரம், முக்கோணம். அவற்றையே எடுத்துக்கொண்டேன். வட்டத்தின் விட்டமும் சதுரத்தின் பக்கமும் ஒரே அளவு. அரைவட்டம் அதில் சரி பாதி. நிழல் கிடையாது, ஓரக்கோடு கிடையாது. எந்த வடிவத்தையும் நேர்கோணத்தில் மட்டுமே திருப்பலாம், சாய்க்கக் கூடாது. இந்தக் கறார் விதிகளுக்குள் நாலு வடிவங்களையும் எப்படி வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம். ஒரு பெட்டியில் படகு மாதிரி, இன்னொன்றில் பூனை மாதிரி, விசிட்டிங் கார்டில் ஆளுக்கொரு மாதிரி. லோகோ மாறிக்கொண்டே இருந்தால் ஜனங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்று மேடம் தயங்கினார். நியாயமான தயக்கம். லெகோ 1958-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்துகிறது என்பதைச் சொன்னேன். இணையும் விதி நிலையாக இருந்ததால்தான் அதை வைத்து எதை வேண்டுமானாலும் கட்ட முடிகிறது. எங்கள் லோகோவிலும் நிலையாக இருப்பது அளவும் விகிதமும். அடுக்கும் விதம் குழந்தையின் பாடு.

எழுத்துக்கு வருவோம், இங்கேதான் கொஞ்சம் புலம்ப வேண்டும். விளையாட்டுத்தனமான எழுத்து என்றாலே எழுத்துகளை மேலும் கீழும் ஆட விட்டு, சாய்த்து, உப்ப வைப்பது வழக்கமாகிவிட்டது. ஆங்கில எழுத்து அதை ஓரளவு தாங்கும். தமிழில் ஒவ்வொரு வளைவுக்கும் சுழிக்கும் வேலை இருக்கிறது. வட்டமும் சதுரமும் வைத்து எழுத்து வெட்டும்போது 'ப'வின் வலது கால் கொஞ்சம் குட்டையானால் 'ட' ஆகிவிடுகிறது. 'ர'வின் அடிச் சாய்வை அழகுக்காக வெட்டினால் துணைக்காலாகிவிடுகிறது. 'ன', 'ண' இரண்டையும் உப்ப வைத்தால் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. இப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளை அந்தப் பெட்டியைப் பார்த்துத் தடுமாறினால் பிழை பிள்ளையுடையது அல்ல. பெயரில் மெய்யெழுத்து இருந்தால் அதன் புள்ளியைப் பந்தாகவோ பூவாகவோ ஆக்கச் சொல்லி கை துறுதுறுக்கும். ஆக்கலாம், தப்பில்லை. அது எழுத்தின் தலைக்கு நேர் மேலே, ஒட்டாமல், பார்த்தவுடன் புள்ளியாகத் தெரிய வேண்டும். நாங்கள் எழுத்தின் எலும்பைத் தொடாமல் விட்டு, புள்ளியை மட்டும் அந்த நாலு வடிவங்களில் ஒன்றான வட்டத்தின் நிறத்தில் கொஞ்சம் பெரிதாக்கினோம்.

வரி இடைவெளியையும் ஆங்கில அளவுக்கு விட்டால் போதாது. மேலே 'கீ'யின் கொக்கி, கீழே 'கூ'வின் வால் என்று தமிழ் இரண்டு பக்கமும் இடம் கேட்கும். அதே வாசகம் தமிழில் அகலமாகவும் ஓடும். ஆங்கிலத்தில் லேஅவுட் போட்டுவிட்டுத் தமிழைக் கடைசியில் திணித்தால், தமிழ் பொடியெழுத்தாகி மூலையில் உட்காரும். நீளமான மொழியில் முதலில் லேஅவுட் போடுங்கள். குட்டை மொழி தானாக அடங்கிவிடும்.

வண்ணத்தில்தான் எனக்கு அதிக நேரம் போனது. அடிக்கிற ஆரஞ்சும் பளிச்சென்ற இளம்பச்சையும் திரையில் ஜொலிக்கும். சிஎம்ஒய்கே என்ற நாலு வண்ண அச்சில் (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) வாடிப்போகும். பூச்சில்லாத அட்டையில் இன்னும் மோசம், மை உள்ளே இறங்கிவிடும். மைகளுக்கு எண் கொடுத்து மாதிரி காட்டும் பான்டோன் புத்தகத்தில் ஒரே எண்ணுக்கு சி, யு என்று இரண்டு மாதிரிகள் இருப்பது இதற்காகத்தான்: ஒன்று பூச்சிட்ட தாளுக்கு, மற்றது பூச்சில்லாத தாளுக்கு. நமக்கு எந்த அட்டை என்று முடிவானபிறகே வண்ணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையைப் பார்த்து ஓகே வாங்கினால் அச்சு வந்த அன்று சங்கடம்.

நாலு வண்ணத்தை விட்டுவிட்டு மஞ்சள், நீலம் என இரண்டே இரண்டு ஸ்பாட் மைகளுக்குப் (முன்பே கலந்து வைத்த தனி மைகள்) போனோம். லோகோ வடிவங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் இரண்டு மையும் கலந்து மூன்றாவதாகப் பச்சை பிறக்கும். செலவு குறைந்தது ஒரு லாபம். இன்னொரு லாபம், மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று பெட்டியைப் பார்த்தே குழந்தை கண்டுபிடித்துக்கொள்ளும். நாம் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. இதைச் செய்ய நினைப்பவர்கள் ஃபைலில் நீலத்துக்கு 'ஓவர்பிரிண்ட்' போட மறக்காதீர்கள். போடாவிட்டால் மென்பொருள் நீலத்துக்கு அடியில் உள்ள மஞ்சளைத் தானாகவே வெட்டி எடுத்துவிடும், பச்சை வராது. வடிவங்கள் ஏறி அச்சாவதால் இன்னொரு சௌகரியமும் உண்டு. ரெஜிஸ்டர், அதாவது இரண்டு மைகளும் பொருந்தி விழுவது, இம்மி விலகினாலும் நடுவே வெள்ளைக் கோடு தெரியாது.

அச்சகத்தில் மெஷின் ஓட்டும் அண்ணன், "தம்பி, மஞ்சளை முதல்ல ஓட்டட்டுமா, நீலத்தை முதல்ல ஓட்டட்டுமா? ரெண்டுக்கும் பச்சை வேற வேற மாதிரி வரும்" என்றார். இரண்டையும் ஓட்டிக் காட்டினார். நீலத்துக்கு மேல் மஞ்சள் விழுந்தபோது பச்சை கொஞ்சம் மங்கலாக வந்தது. மஞ்சளுக்கு மேல் நீலம் விழுந்தது தெளிவாக இருந்தது. அந்த மை, அந்த அட்டைக்கு அப்படி. வேறு மையென்றால் வேறு மாதிரி வரலாம். எந்த வரிசை என்பதை ஃபைலிலேயே எழுதி வைத்துவிட்டேன்.

வண்ணத்தை மட்டும் நம்பி எதையும் பிரித்துக் காட்டாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. வயது வாரியாக வரிசைகளைப் பிரிக்க நாங்கள் வடிவத்தைப் பயன்படுத்தினோம்: ஒரு வரிசைக்கு வட்டம், அடுத்ததற்குச் சதுரம். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு ரோஸ் என்ற பிரிவினைக்கு இடமே இல்லை என்று மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு மிச்சமானது ஒரு வாக்குவாதம்.

மாஸ்காட் வேண்டாம் என்று கடைசியில் விட்டுவிட்டோம். ஆனால் யோசித்ததைச் சொல்கிறேன், வேண்டியவர்களுக்கு உதவும். பெரிய நெற்றி, முகத்தில் தாழ்ந்து உட்கார்ந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம் எல்லாம் நம்மைக் கொஞ்சத் தூண்டுகின்றன என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ் 1943-லேயே எழுதினார். கரடி பொம்மைகளின் முகத்தை அளந்து 1985-ல் வெளியான ஓர் ஆய்வு, காலப்போக்கில் அவற்றின் நெற்றி பெருத்து மூக்கு குட்டையாகிக்கொண்டே வந்ததைக் காட்டியது. ஆக, கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினாலே பாதி வேலை முடிந்தது. வாயை வரைவதில்தான் நிதானம் தேவை. நிரந்தரமாகச் சிரிக்கும் மாஸ்காட்டைக் குழந்தை அழவைக்க முடியாது, தூங்கவைக்க முடியாது. 1974-ல் பிறந்த ஹலோ கிட்டிக்கு வாயே இல்லை; குழந்தை எந்த மனநிலையில் இருக்கிறதோ அதையே அந்த முகத்தில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வடிவங்களிலும் இரண்டு புள்ளிக் கண் வைத்தால் முகமாகிவிடும். அந்தக் கண்களை அச்சிடாமல், தனியே ஒட்டும் வட்டங்களாகப் பெட்டிக்குள் போடலாம் என்று யோசித்தோம். மிகச் சின்னப் பிள்ளைகள் பிய்த்து வாயில் போடும் ஆபத்து இருக்கிறது என்று அதையும் கைவிட்டோம்.

பெட்டியின் மாதிரிகளை வெள்ளை அட்டையில் செய்து, ஒன்றும் அச்சிடாமல், பிள்ளைகள் நடுவே வைத்துப் பார்த்தது இந்த வேலையிலேயே பெரிய பலன் தந்தது. 'பிடிச்சிருக்கா?' என்று கேட்காதீர்கள். எல்லாப் பிள்ளையும் ஆமாம் என்று தலையாட்டும். கை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். பெட்டி கைக்கு வந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம் காதருகே வைத்துக் குலுக்கியது. நாங்களோ கட்டைகள் ஒன்றோடொன்று இடித்து மூலை நசுங்காமலிருக்க இறுக்கமாக அடுக்கியிருந்தோம். பெட்டி ஊமையாக இருந்தது. இரண்டு கட்டைகளை மட்டும் தனி அறையில் தளர்வாக விட்டோம். அதற்கப்புறம் கடகடவென்று சத்தம் வந்தது, மற்ற கட்டைகளுக்கும் சேதமில்லை.

ஒரு மாதிரிப் பெட்டியின் மூடியில், உள்ளே இருப்பதைக் காட்ட வட்டமாக ஒரு துளை போட்டிருந்தேன். ஒரு சின்னப் பெண் கட்டையை அதன் வழியாக உள்ளே போட்டாள். மூடியைத் திறந்து எடுத்தாள். மறுபடி போட்டாள். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த மாதிரியில் மூடி முழுக்க நாலு துளைகள்: வட்டம், அரைவட்டம், சதுரம், முக்கோணம். லோகோவை மூடியில் அச்சிடவே இல்லை, துளைகள்தான் லோகோ. பின்னால் எந்தக் கட்டை இருக்கிறதோ அந்த நிறம் அதற்கு வரும். குழந்தை கலைத்துப் போட்டால் லோகோவின் நிறமும் கலையும்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இலவசமாக வரவில்லை. பெட்டி விளையாட்டுக்குப் பயன்படும் என்றால் அதுவும் பொம்மையின் பகுதியாகக் கருதப்படும். அச்சு மை, பசை, அட்டை எல்லாம் பொம்மைக்கான பாதுகாப்புச் சோதனைக்குள் வந்துவிடும். ஐரோப்பாவின் ஈஎன் 71, சர்வதேச ஐஎஸ்ஓ 8124 ஆகிய தரநிலைகளில், வாயில் வைத்தால் மையிலிருந்து எந்தத் தனிமம் எவ்வளவு கசியலாம் என்பதற்குத் தனி அளவுகளே உண்டு. ஆகவே டிசைன் முடிந்தபிறகு இல்லை, துளை யோசனை வந்த அன்றே அச்சகத்திடம் மையின் சான்றிதழ் கேட்டோம். அட்டையும் தடிமனாக வேண்டியிருந்தது. துளை ஓரம் பிசிறில்லாமல் வெட்டுப்பட, மெல்லிய பெட்டி அட்டை போதவில்லை. கொண்டுபோகும்போது துளை வழியாகக் கட்டை விழாமலிருக்க வெளியே ஒரு உறை போட வேண்டியதாயிற்று.

அந்த உறையில்தான் விளையாட்டே இல்லாத விஷயங்கள் எல்லாம் போய் உட்கார்ந்தன. எச்சரிக்கை, பார்கோடு, முகவரி. பல டிசைனர்கள் இவற்றைக் கடைசியில் மூலையில் ஒட்டவைத்துவிட்டு, 'அழகையே கெடுத்துவிட்டது' என்பார்கள். முதல் ஸ்கெட்சிலேயே அவற்றுக்கு ஒரு முகத்தை முழுதாக ஒதுக்கினால் அவை எதையும் கெடுப்பதில்லை. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்பதைச் சொல்லும் ஐரோப்பியச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள்: சிவப்பு வட்டம், குறுக்கே சிவப்புக் கோடு, உள்ளே 0-3 என்ற எண்ணும் ஒரு முகமும். அந்தச் சிவப்பை நம் பிராண்ட் நிறத்துக்கு மாற்றக் கூடாது. விட்டம் 10 மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது. எங்களிடம் சிவப்பு மையே கிடையாது. சின்னத்துக்குப் பதில் அதே எச்சரிக்கையை எழுத்தில் கொடுக்கவும் விதி இடம் தருவதால், சிறு பாகங்கள் உண்டு என்ற காரணத்தோடு நீலத்திலேயே தெளிவாக எழுதினோம். உறையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்பதால் உள்ளே வரும் தாளிலும் அதே வாசகம்.

எது சிறு பாகம் என்பதைச் சோதனைக்கூடம் ஓர் உருளையை வைத்து முடிவுசெய்யும். அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். எந்த நிலையிலாவது அழுத்தாமல் முழுதாக உள்ளே அடங்கினால் அது சிறு பாகம். வயதை முடிவுசெய்வது டிசைனர் வேலை இல்லைதான். ஆனால் பெட்டியில் நாம் போடும் படமும் வயதைச் சொல்கிறது. மூன்று வயதுக்கு மேல் என்று எழுதிவிட்டு, தவழும் குழந்தையின் படத்தைப் போட்டால் அது அழகுக் குறை மட்டுமில்லை, ஆபத்து.

பார்கோடு பற்றிச் சுருக்கமாக. பல ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படிப்பவை, அதனால் சிவப்புக் கோடு அவற்றுக்கு வெள்ளை மாதிரிதான். கறுப்போ அடர்நீலமோ வையுங்கள். 13 இலக்கப் பார்கோடின் இயல்பு அளவு, இருபக்க வெற்றிடத்தோடு சேர்த்து, 37.29 க்கு 25.93 மில்லிமீட்டர், அதில் 80 சதவீத அளவு வரை சுருக்கலாம். கோடுகளை மேலே நீட்டிப் புல்லாகவோ மழையாகவோ ஆக்கலாம், ஆனால் இருபக்க வெற்றிடத்தில் கை வைக்காதீர்கள்.

வாசகங்களை மேடமே எழுதினார். 'மூளை வளர்ச்சி', 'அறிவுத்திறன்' மாதிரி சொற்களை நான் எதிர்பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. 'அடுக்கு. இடி. மறுபடி அடுக்கு.' பக்கவாட்டில் இவ்வளவுதான். பெரியவர்களுக்கான நாலு தகவலும் உறையில் நேரடியான நடையில். பின்பக்கம், இந்தக் கட்டைகளால் கட்டக்கூடியவை என்று நான் வரைந்த படங்களில் பாதியை அவர் அடித்துவிட்டார். மிச்சம் இருந்தவற்றிலும் கடைசிக் கட்டம் காலி.

ஒப்படைக்கும்போது பெரிய பிராண்ட் புத்தகம் எதுவும் தரவில்லை. சின்ன நிறுவனத்தில் அதைப் புரட்டிப் பார்க்க ஆளில்லை. ஒரே தாள்: நாலு வடிவங்கள், அவற்றின் விகிதம், திருப்பும் விதி, இரண்டு பான்டோன் எண்கள், எது மேல் எது அச்சாக வேண்டும் என்ற வரிசை, தொடக் கூடாத எச்சரிக்கைப் பகுதி. ஃபைலில் டைலைன் (வெட்டும், மடிக்கும் கோடுகள்) தனி லேயரில், தனி ஸ்பாட் நிறத்தில். ஒட்டுமடலில் வார்னிஷ் வராதபடி தனியே குறித்திருந்தேன். வார்னிஷ் மேல் பசை சரியாகப் பிடிக்காது. எழுத்துகளை அவுட்லைன் ஆக்கிய (ஃபான்ட் இல்லாமலே திறக்கும் வடிவங்களாக மாற்றிய) ஃபைல் ஒன்று, திருத்தக்கூடிய ஃபைல் ஒன்று. கூடவே நாலு வடிவங்களையும் ஸ்டிக்கராக அச்சிட்டுக் கொடுத்தேன். புதுப் பெட்டிக்கு லோகோவை எப்படி அடுக்குவது என்று என்னைக் கேட்பதில்லை. அலுவலகத்தில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் ஒட்டிப் பார்த்து, படம் எடுத்து அனுப்புகிறார்கள். விகிதம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் நான் பார்த்துச் சொல்கிறேன்.